ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஒரு சர்வதேசப் பேராசிரியர்

போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் ஒரு பாராட்டு விழா. எனக்கு வாழ்த்துரை. ஐந்து நிமிடம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். நானும் ஐந்தே நிமிடம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

இருபத்திரண்டு நிமிடம் பேசினேன்.

சிரிக்காதீர்கள். மைக் கைக்கு வந்தால் ஆள் மாறிவிடுகிறான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

விழா யாருக்கு? டாக்டர் விஜயராணிக்கு. அருப்புக்கோட்டை நெசவாளர் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். வறண்ட நிலத்துத் தண்ணீரைப் பற்றிப் பல வருடங்களாக ஆராய்ச்சி செய்கிறவர். பக்கத்து மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. கல்வி, பண்பாடு, அறிவியல், மனித உரிமை - இந்த நான்கையும் வளர்ப்பதற்காக உலக அமைப்பு ஒன்று, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சர்வதேசப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தி வருகிறது. அதில் ஒன்று இவருக்குக் கிடைத்திருக்கிறது.

"கிடைச்சிருக்கு, சரி. அது கலெக்டருக்கு மேலயா, கீழயா?"

இது தங்கராசு அண்ணாச்சியின் கேள்வி. விழாவை முன்னின்று நடத்தியவர். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் விடமாட்டார்.

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல அண்ணாச்சி. அது வேற லைன்."

"கார் குடுப்பாகளா?"

"இல்ல."

"சம்பளமாச்சும் கூடுமா?"

"கூடாதாம். வேலைதான் கூடுமாம். பல நாட்டு ஆளுகளோட சேந்து ஆராய்ச்சி பண்ணணும். படிப்பு எட்டாத ஊர்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடிச்சுப் படிக்க வைக்கணும்."

அண்ணாச்சி இதையும் எடை போட்டார். சம்பளம் கூடாமல் வேலை மட்டும் கூடுகிற பதவியை ஒருவர் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்கிறார் என்றால்... "அப்ப பெரிய பதவிதான்" என்று முடிவுக்கு வந்தார். ஃப்ளெக்ஸ் பேனரை இருபது அடியாக்கச் சொல்லி அப்போதே போன் போட்டார்.

விழா நாளன்று மண்டபத்து வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். பெயர் பாண்டியம்மா. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமம். கொஞ்சம் தள்ளி அவருடைய கணவர் முத்தையா, பேனரில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். மானாவாரியில் கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிறவர். பக்கத்தில் மகள் செல்வி. பிளஸ் டூ முடித்திருக்கிறாள்.

இந்தச் செல்வியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, வீட்டு மாடியில் வைத்து, மூன்று வருடமாக மழையை அளந்து நோட்டில் எழுதி வந்திருக்கிறாள். திருச்சுழிப் பக்கத்தில் மழை! நோட்டு முழுக்கப் பெரும்பாலும் பூஜ்யம்தான். ஆனால் ஒரு நாள் விடவில்லை. பெய்யாத நாளிலும் ஏறிப் போய்ப் பார்த்து, 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடம் வழியாக அந்த நோட்டு விஜயராணியின் கைக்குப் போனது. பெய்த நாளை எல்லோரும் எழுதுவார்கள், பெய்யாத நாளை எழுதுகிறவள்தான் எனக்கு வேண்டும் என்றாராம். அவருடைய புதிய பதவியின் கீழ் ஐந்து வருட அறிவியல் படிப்புக்கு முதலில் தேர்வான பெண் இவள்தான். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அப்பாவின் கையெழுத்து. கடைசி நாள் மறுநாள் திங்கட்கிழமை. முத்தையா போடவில்லை.

"சார், நீங்க மேடையில பேசுறவுகதான?" என்றார் பாண்டியம்மா தாழ்ந்த குரலில். "டீச்சரம்மாவ எங்க வீட்டுக்காரருக்குக் கேக்குற மாதிரி நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சார். இம்புட்டுத் தூரம் அவுகளக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான். ஆனா அஞ்சே முக்கா பஸ்ஸுக்குக் கிளம்பிருவாக. அதை விட்டா திருச்சுழியில மினிபஸ்ஸு கிடைக்காது. மாடு கத்தும்."

"கவலையே படாதீங்கம்மா. நான் பாத்துக்கிறேன்."

நெஞ்சில் கை வைத்து வேறு சொன்னேன்.

நம் ஊர் விழாக்களின் சட்டதிட்டம் உங்களுக்குத் தெரியும். யாருக்கு விழாவோ அவர் கடைசியில்தான் பேச வேண்டும். அதற்கு ஏற்புரை என்று பெயர். அதற்கு முன்னால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள்... முன்னிலை வகிப்பவர்கள் என்றால் சும்மா முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களும் பேசினார்கள். ஒவ்வொருவரும் மேடையில் இருந்த பதினைந்து பேரையும் 'அவர்களே, அவர்களே' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் மின்விசிறிக்கே மூச்சு வாங்கியது.

மூன்றரைக்கு விழா. தொடங்கியது நாலே காலுக்கு. அதன் பிறகு பொன்னாடைகள். ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்த்தி, அந்த வெயிலில் விஜயராணியை ஜவுளிக்கடை பொம்மை போல ஆக்கிவிட்டார்கள். மனித உரிமை பற்றி மட்டும் நான்கு பேர் பேசினார்கள். பேச்சுரிமைதான் உரிமைகளிலேயே உயர்ந்தது என்று மேஜையைத் தட்டினார் ஒருவர். பேச முடியாத ஒரே ஆள் நடுவில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

நடுவில் அவர் ஒரு முயற்சி செய்துதான் பார்த்தார். அண்ணாச்சி பக்கம் சாய்ந்து, "நான் முதல்ல அஞ்சு நிமிசம் பேசிக்கிறேனே?" என்றார்.

அண்ணாச்சி பதறிப்போனார். "நீங்க பேசிட்டா கூட்டம் கலைஞ்சிரும்ல மேடம்! மத்தவுக யார் முன்னால பேசுறது?"

என்ன ஒரு நியாயம்!

ஐந்து பத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து மைக் வரைக்கும் நடக்கும்போது பாண்டியம்மா நினைவில் இருந்தார். சத்தியமாக இருந்தார். மைக்கைத் தொட்டதும் போய்விட்டார். என் கல்லூரி நாட்கள், நான் போன வெளிநாடு, அங்கே நான் சாப்பிட முடியாமல் பட்ட பாடு... பெண்களைப் படிக்க வைக்காத தகப்பன்களைக் கண்டித்து மட்டும் எட்டு நிமிடம். உட்கார்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து முப்பத்திரண்டு.

அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது வரிசையில் பாண்டியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

விஜயராணியின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அக்கா என்னைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அது வாழ்த்துரை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கீழே முத்தையா எழுந்து நின்று மஞ்சப்பையைக் கையில் எடுத்தார். மேலே விஜயராணி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பொன்னாடைகளை அக்காவின் மடியில் குவித்தார். பக்கத்துப் படி வழியாக இறங்கினார். மைக்கில் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. "நீங்களும் வாங்க சார். பாதி நேரம் உங்களாலதான போச்சு" என்றார் விஜயராணி, திரும்பிப் பார்க்காமலே.

மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு இரண்டு நிமிட நடை. ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறினோம். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சர்வதேசப் பேராசிரியர் இலவசமாகப் பயணம் செய்தார். நான் காசு கொடுத்தேன்.

முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த முத்தையா திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனார். "டீச்சரம்மா! உங்களுக்குத்தான விழா?"

"நடக்குதுண்ணே. அவுக பாத்துக்கிருவாக. நீங்க சொல்லுங்க, ஏன் கையெழுத்துப் போடல?"

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்பார் என்று எதிர்பார்த்தேன். நான் மேடையில் பேசியதில் மிச்சம் இருந்ததை எடுத்து விடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"படிக்க வேணாம்னு யாரு சொன்னா? படிக்கட்டும். நீங்க அனுப்பின பேப்பரு பதினாலு பக்கம். இங்கிலீஷு. பிள்ளை எல்லாத்தையும் தமிழ்ல சொல்லுச்சு. உலகம் இருக்கு, அறிவியல் இருக்கு, பண்பாடு இருக்கு, உரிமை இருக்கு. பிள்ளை காச்சல்ல படுத்தா நான் எந்த பஸ்ஸு ஏறி எங்க இறங்கி வரணும்னு ஒரு பக்கத்துலயும் இல்லையே தாயி."

ஜன்னல் பக்கம் கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பதினாலு பக்கத்தையும் எழுதினது நான்தாண்ணே" என்றார் விஜயராணி. "ஆறு நாட்டு ஆளுக படிச்சுத் திருத்தினாக. ஒருத்தருக்கும் இது தோணல. எனக்கும் தோணல. நானும் இதே பஸ் ஸ்டாண்டுல ஏறித்தான் படிக்கப் போனேன். எங்க அப்பாவும் இதைத்தான் கேட்டாரு."

விழா அழைப்பிதழைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். செல்வி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "நான் எழுதுறேன் மேடம். அப்பாவுக்கு என் எழுத்துதான் வாசிக்க வரும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அருப்புக்கோட்டையில் மதுரை பஸ். மதுரையில் ராத்திரி ரயில். காலையில் இறங்குகிற ஸ்டேஷனில் எந்தப் பக்க வாசல், வெளியே எந்த நம்பர் பஸ், கண்டக்டரிடம் எந்தப் பெயரைச் சொல்வது... முத்தையா விடவில்லை. போன் போட்டால் தமிழில் யார் எடுப்பார்கள்? நீங்கள் வெளிநாடு போய்விட்டால்? வார்டன் திண்டுக்கல்காரர் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிள்ளைக்குப் பிடிக்கவில்லையென்றால் எந்தக் கேள்வியும் கேட்காமல் கூட்டிவர விடுவீர்களா என்றார். விடுவோம் என்றார் விஜயராணி. அதையும் எழுதச் சொன்னார் முத்தையா. எழுதினாள். விஜயராணி கீழே கையெழுத்துப் போட்டார்.

திருச்சுழி நெருங்கும்போது என் போன் அடித்தது. அண்ணாச்சி. "சார், மேடத்தைக் காணோமே! ஏற்புரைக்குக் கூப்பிட்டாச்சு!"

மணி ஆறு இருபது. ஆள் எழுந்து போய் முக்கால் மணி நேரம் ஆகப்போகிறது. பாராட்டுகிறவர்களுக்குப் பாராட்டப்படுகிறவர் அவ்வளவு அவசியமில்லை போலிருக்கிறது.

விஜயராணி போனை வாங்கினார். "அண்ணாச்சி, இங்க கேள்வி நேரம் நடக்குது. நீங்க நன்றியுரையை முடிச்சிருங்க."

திருச்சுழியில் இறங்கியதும் முத்தையா மகளைப் பார்த்தார். "போறியா?"

"போறேன்ப்பா."

"அங்கிட்டு மழை சாஸ்தியாமே?"

"ஆமாப்பா."

"அப்ப இந்த நோட்டு பத்தாது. பெருசா ஒண்ணு வாங்கணும்" என்றார்.

பாண்டியம்மா மஞ்சப்பையிலிருந்து அந்தப் பதினாலு பக்கத்தை எடுத்து நீட்டினார். டீக்கடை மேஜையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, முத்தையா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பாண்டியம்மா அழுதார். செல்வி அழவில்லை, பேப்பரில் மை காய்கிறதா என்று ஊதிக்கொண்டிருந்தாள்.

மினிபஸ் ஹாரன் அடித்தது. நான் முத்தையாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சுக்கங்கண்ணே. நான் நேரத்தைத் தின்னுட்டேன். இல்லாட்டி டீச்சரம்மா மேடையிலயே இதையெல்லாம் சொல்லியிருப்பாக."

"அட, விடுங்க சார். மேடையில சொல்லியிருந்தாகன்னா கையத் தட்டிட்டுக் கிளம்பிருப்பேன். பஸ்ஸுங்கறதாலதான பதிலுக்குக் கேக்க முடிஞ்சுச்சு."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். நான் பேசி முடித்தபோது மண்டபத்திலேயே பலமாகக் கைதட்டியவர் அவர்தான்.