சந்தனம் அப்பிய ரயில்

எங்கள் வீட்டு ரயில் கொலுவுக்கு மட்டும்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் அது அப்பாவின் பழைய வேட்டி ஒன்றில் சுற்றப்பட்டு, மரப்பெட்டிக்குள், பரண்மேல் கிடக்கும். அப்பாவின் மாமா ஒருவர் மெட்ராஸில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதியவர். அங்கிருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் பிள்ளை விளையாடி அலுத்த ரயிலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். பச்சை எஞ்சின், தகரப் பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளத் துண்டுகள், செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதன் தலையில் ஒரு குமிழ். திருகினால் வண்டி கிளம்பும், இன்னும் திருகினால் வேகம் பிடிக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொலு பார்க்க வருகிறவர்கள் படியில் இருக்கும் தசாவதாரத்தை ஒப்புக்குப் பார்த்துவிட்டு, கீழே ஓடுகிற ரயிலைத்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஓட்டுவது அக்காவின் வேலை. பாவாடை கட்டிய நாளிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அந்தக் குமிழை அவள் வேறு யார் கையிலும் விட்டதில்லை. எனக்குக் கொடி காட்டுகிற உத்தியோகம் மட்டும். அவள் புக்ககம் போன பிறகு அப்பா ஓட்டினார். கொஞ்ச வருஷத்தில் வண்டி முனக ஆரம்பித்தது, அப்புறம் நின்றே போனது. "பொண்ணு போன ஏக்கம்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடாத ரயிலைக் கொலுவில் வைப்பதையும், ஆயுத பூஜையன்று அதற்குப் பூஜை போடுவதையும் மட்டும் அவர் விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலத்தில் அக்காவைக் கட்டிய அத்திம்பேர் போய்விட்டார். மாரடைப்பு. அக்காவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. குழந்தைகள் கிடையாது. எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அந்தப் புரட்டாசியில் நான் சென்னையில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மாப்பிள்ளை வீட்டுத் தீட்டு நம் வீட்டுக் கொலுவைத் தடுக்காது என்று அப்பா சாஸ்திரம் பார்த்துச் சொல்லியிருந்தார். படி கட்டி, பொம்மைகளைத் துடைத்து, வேட்டியைப் பிரித்து ரயிலையும் கீழே வைத்தது எல்லாம் அக்காவும் நானும்தான்.

முதல் நாள் சாயங்காலம் தெருப் பெண்கள் வர ஆரம்பித்ததும் அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். சுமங்கலிகள் வந்து குங்குமம் எடுத்துக்கொள்கிற இடத்தில் அவள் எதிரில் இருக்கக் கூடாது. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிற விஷயம் அது. "பெரியவ எங்கே?" என்று கேட்டவர்களுக்கு அம்மா, "உள்ளே காரியமா இருக்கா" என்று பதில் சொன்னாள். கதவிடுக்கு வழியாக அக்காவின் கை மட்டும் சுண்டல் தொன்னைகளை நீட்டிக்கொண்டிருந்தது. வாங்கி விநியோகிக்கிற வேலை எனக்கு. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். தப்பு, நாக்கு நுனியில். வந்தவர்கள் எல்லோரும் போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவளை உள்ளே அடைச்சு வெச்சுட்டு என்னம்மா கொலு வேண்டிக்கிடக்கு?"

"நானா அடைச்சேன்? அவளா போறா. நான் என்னடி பண்ணட்டும்?"

"வெளியில வந்து உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலாமே."

"சொல்லி, வந்தவா யாராவது மூஞ்சியைச் சுளிச்சா? அதையும் அவ பாக்கணுமா?" அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெத்தவளுக்கு எரியாதுன்னு நினைச்சியா?"

சண்டைக்கு எதிராளி இல்லாமல் போனால் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. கொலுவுக்கு எதிரே போய் உம்மென்று உட்கார்ந்தேன். அப்போதுதான் ரயில் கண்ணில் பட்டது. அது ஓடினால், ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் குமிழுக்குப் பக்கத்தில், கூடத்து நடுவில், வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்தாக வேண்டும். அது அக்காவின் இடம். ரயிலை ஓடவைத்துவிட்டால் அவளைக் கூடத்துக்கு இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சிறுபிள்ளைத்தனமான யோசனைதான். வேறு யோசனை என்னிடம் இல்லை.

மறுநாள் எஞ்சினைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிக்ஸியும் டேபிள் ஃபேனும் ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு ஒயரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மோட்டார் போச்சிமா. காயில் எரிஞ்சிருக்குது. இவ்ளோ சன்னமான கம்பிக்கு நான் எங்க போறது?"

"கழட்டிப் பார்க்காமயே சொல்றீங்களே."

"கழட்டுனா திருப்பி மாட்டணும் இல்லமா? வெளிநாட்டு சாமான். அலமாரில வெச்சிக்கினு அழகு பாருங்க."

நல்ல மனுஷர்தான். ஆனாலும் எஞ்சினை அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்பினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். எஞ்சினை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"காயில் எரிஞ்சா நாத்தமடிக்கணுமேடி. இதுல கோவில் வாசனைன்னா வரது."

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். எஞ்சினின் வயிற்றுப் பக்கத்தில், சக்கரங்களுக்கு நடுவே, ஒரு சின்னத் தகடு உண்டு. தண்டவாளத்தின் நடுக்கம்பியில் உரசிக்கொண்டே போய் அதுதான் கரண்டை வாங்கும். அந்தத் தகடே தெரியாமல் மஞ்சளாக ஏதோ இறுகிப்போயிருந்தது. அக்கா கொண்டை ஊசியால் சுரண்டினாள். பொடிப்பொடியாகச் சந்தனம் உதிர்ந்தது.

எல்லாம் அப்பாவின் கைங்கரியம். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று எஞ்சின் முகப்பில் நாமம் போடுவார். வடகலையா தென்கலையா, எந்த நாமம் என்று கேட்காதீர்கள், கோவில் யானை நெற்றிக்கே சண்டை போட்ட ஊர் இது. பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம். ஒரு உறுப்பும் விட்டுப்போகக் கூடாது என்று புரட்டிப்போட்டு வயிற்றுக்கும் சந்தனம். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிக்கும் மூன்று பொட்டு. சக்கரம் நன்றாகச் சுழலட்டும் என்று விளக்கெண்ணெய் வேறு. அத்தனையும் துடைக்காமல் அப்படியே வேட்டியில் சுற்றிப் பரணுக்கு அனுப்பிவிடுவார். சாத்தியதைத் துடைப்பது மரியாதை இல்லையாம். எங்கள் ரயில் பக்தியால் மூச்சு முட்டி நின்றுபோயிருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பெருமாளுக்குச் சாத்தறது ரயிலுக்கு ஆகாதா?"

"பெருமாள் கரண்டுல ஓடலையேப்பா" என்றாள் அக்கா.

அப்பா சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். அத்திம்பேர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு என் யோசனை எனக்கே மறந்துபோகிற அளவுக்கு வேலை. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிட்டாள் அக்கா. நானும் என் பங்குக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற புளியை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன்.

"புளியா? அது தகரம்டி. நாளைக்கே துருப்பிடிச்சு நிக்கும். எடு கையை."

பழைய அதட்டல். திட்டு வாங்கி அத்தனை சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விளக்கெண்ணெய்ப் பிசின் கரைந்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டும் எஞ்சின் அசையவில்லை. உள்ளே மோட்டாரில் உரசுகிற கார்பன் துண்டுகள் தேய்ந்து மொக்கையாகியிருந்தன. மறுபடி அதே கடைக்குப் போய் மிக்ஸிக்குப் போடுகிற கார்பன் இரண்டு கேட்டேன்.

"காயில் எரியலையா?" என்றார் கடைக்காரர்.

"இல்லை. சந்தனம்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் இருப்பதிலேயே சின்னதாகத் தேடி எடுத்துக் கொடுத்து, "ஓடிச்சின்னா சொல்லுமா" என்றார். அக்கா அவற்றைப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தாள்.

மத்தியானம், வீட்டு மனுஷர்கள் மட்டும் இருக்கும்போது, குமிழைத் திருகினாள். டிரான்ஸ்பார்மர் உறுமியது. வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. அக்கா ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினாள். சக்கரத்துக்கு அடியில் நீலமாக ஒரு பொறி. பச்சை எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பி, கடகடவென்று முதல் வளைவில் திரும்பியது. இடது கையைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து, வண்டி போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

பெண்கள் வருகிற நேரம் நெருங்கியது. அக்கா வண்டியை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"எங்கே போறே?"

"எல்லாரும் வர நேரமாச்சு. நீ ஓட்டு. வளைவுல மட்டும் குறைச்சுக்கோ."

"உனக்காகத்தானேக்கா நான் இவ்வளவும்..."

"தெரியும்டி." என் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரலில் மண்ணெண்ணெய் வாசனை. "நீ நினைச்சதே போறும். என்னைப் பார்த்ததும் அவா மூஞ்சி மாறும் பாரு, அது என்னால தாங்க முடியாது." உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். பெண்கள் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். "அட, ரயில் ஓடறதா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குமிழைத் திருகினேன். கோபக்காரி கை, வளைவு தெரியுமா? வண்டி தடம் புரண்டு, கடை விரித்திருந்த செட்டியார் பொம்மையின் மேல் போய்ச் சாய்ந்தது. எடுத்து வைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடி புரண்டது.

குங்குமத் தட்டோடு நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்தாள்.

"இங்கே வாடி" என்று உரக்கக் கூப்பிட்டாள். "இவளுக்கு ஓட்ட வரலை."

கதவு திறக்க நேரமாயிற்று. அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"வந்து உக்காரு" என்றாள் அம்மா.

அக்கா யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். பெட்டிகளை நிமிர்த்தி, கொக்கி மாட்டி, குமிழைத் திருகினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜமக்காளத்தில் இருந்த ஒருத்தி, "எவ்வளவு அழகா போறது" என்றாள். ஆனால் தெருக்கோடி வீட்டு மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கூட வந்திருந்த மருமகளுக்கும் ஜாடை காட்டினாள். அம்மா தட்டை நீட்டினாள். "நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று தொடாமலே மாமி வாசலுக்குப் போனாள். கொலு வீட்டில் குங்குமம் எடுக்காமல் இறங்குவது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அக்காவின் கை குமிழைப் பின்பக்கம் திருகியது. ரயில் வேகம் குறைந்து முனகியது. அவள் எழுந்துகொள்ளக் காலை மடக்கினாள்.

அம்மா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் தோளோடு தோள் ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"போறவா போகட்டும். நீ வண்டியை நிறுத்தாதே."