திரை விழும்வரை வாசித்தவர்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்போது வேலை செய்தேன். காலையில் எட்டுப் பேரைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் தொண்ணூற்றேழு வயதுக் கிழவி, பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அவரும் தங்கையும் வோட்வில் மேடைகளில் பியானோ வாசித்து ஆடியவர்கள். கோமாளி, வித்தைக்காரன், பாட்டு, ஆட்டம் என்று எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும் பலசரக்குக் கடைதான் வோட்வில்.

மதாமின் விரல்கள் ஓயாது. போர்வை, சாப்பாட்டுத் தட்டு, துடைத்துவிடும் என் முழங்கை, எதிலும் வாசிப்பார். பழைய நினைவில் சந்தோஷப்படுகிறார் என்று நம்பி வானொலியைச் சத்தமாக வைத்துவிடுவேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

ஒரு நாள் கேட்டார், "பிள்ளை, அவள் எழும்பிட்டாளோ?" கேட்டது பிரெஞ்சில். என் மனதில் அது ஊர்த் தமிழில்தான் பதிந்திருக்கிறது.

துண்டு துண்டாக அவரே சொல்லித்தான் கதை விளங்கியது. அக்கா வாசிக்கத் தங்கை ஆடுவாள், அடுத்த நாள் முறை மாறும். அன்று ஆட வேண்டியவர் மதாம். முழங்கால் வலி என்று தங்கையை ஆடச் சொன்னார். பாதி ஆட்டத்தில் அவள் விழுந்தாள். அதுவும் வேடிக்கை என்று சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன நடந்தாலும் திரை விழும்வரை பியானோ நிற்கக் கூடாது என்பது மேடைச் சட்டம். மதாம் நிறுத்தவில்லை. தங்கை எழும்பவேயில்லை.

அதன் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் இல்லை மதாம், இப்ப எழும்பிடுவா," என்றேன். தலையாட்டிவிட்டு வாசிப்பார். எனக்குத்தான் பயம் பிடித்தது. பட்டப்பகலில், அந்த அறைக்குள் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

பெப்ரவரியில் ஒரு நாள் பஸ் பிந்தியது. இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. மதாமின் விரல் பட்டு சூப் முழுக்க என் மேல் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, அன்றைக்கு ஏழாவது தடவையாகக் கேட்டார்.

"அவ செத்திட்டா மதாம்! எண்பது வருஷமாகுது. நிப்பாட்டுங்கோ!"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. விரல்கள் அப்படியே நின்றன.

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை," என்றார். "சொல்லியிருந்தா அப்பவே அவளிட்டை ஓடிப்போயிருப்பன்."

கட்டிலை விட்டு இறங்கக் காலை நீட்டினார். தடுத்திருக்க வேண்டும், அதுதான் இல்லத்தின் விதி. எனக்கு மனம் வரவில்லை. தாங்கிப் பிடித்து இறக்கித் தரையில் இருத்தி, பின்னால் நானும் இருந்து சாய்த்துக்கொண்டேன். யாருடைய தலைமயிரையோ ஒதுக்குவதுபோல் வெறுந்தரையைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்தச் சனத்தைச் சிரிக்க வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை."

நான் எதிர்ச் சுவரைப் பார்த்து, தமிழில், உரத்துச் சொன்னேன்.

"சிரிக்காதேங்கோ."