மரகதம் அக்காவோடு நடந்த தூரம்

செய்தி இந்தியில்தான் வந்தது. "வசந்தி தீதி, மரகதம் தீதி நஹீ ரஹீ" என்று, அதாவது மரகதம் அக்கா போய்விட்டார் என்று, தோழி ஷிகா ஃபோனில் சொன்னபோது நான் ஜங்லிகாட் சந்தையில் சூரை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தீவில் நல்லது கெட்டது எல்லாமே எங்களுக்கு முதலில் இந்தியில் வந்து சேரும். அழுவதற்கு மட்டும் அவரவர் பாஷை. வண்டூரில் தம்பி வீட்டில், காலையில் பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. மீன்காரர் சூரையை வெட்டிப் பையில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கழுவி, மஞ்சள் தடவி வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

துறைமுகத்துப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. 'சார்ட் ரூம் மரகதம்' என்றால் போதும். கப்பல்களுக்கான கடல் வரைபடங்களை எங்கள் அலுவலகத்தில் சார்ட் என்போம். அந்த அறைக்கு அவர்தான் முப்பது வருடம் பொறுப்பு. எந்தத் தீவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் வரைபடத்தைப் பார்க்காமலே சொல்வார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் வளர்ந்தவர் என்பதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படிதான் எப்போதும் பேசுவார். ரகசியம் பேச அவருக்கு வராது என்று நாங்கள் கேலி செய்வோம். நான் அதே அலுவலகத்தில் சம்பளப் பிரிவு. மதியச் சாப்பாட்டை அவர் அறையில் போய்ச் சாப்பிடுவேன், ஏனென்றால் வரைபடங்கள் நமுத்துப் போகாமல் இருக்க அங்கே ஏ.சி. உண்டு. எங்கள் நட்பு அப்படிச் சுயநலமாகத்தான் தொடங்கியது.

ஒரு வருடம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களுக்காக ஊரில் ஒரு நடை ஏற்பாடு செய்தார்கள். ஆறு கிலோமீட்டர். கலந்துகொள்பவர்களுக்கு ரோஸ் நிற டீ-சர்ட் ஒன்று. மரகதம் அக்கா யாரிடமும் கேட்காமல் நான்கு பேர் பெயரைக் கொடுத்துவிட்டார்: அவர், நான், பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஷிகா, தையல் கடை லட்சுமி. ஷிகா வங்காளி, லட்சுமி தெலுங்கு. நான்கு பேருக்கும் வயது ஐம்பதை ஒட்டி. நான்கு பேருக்கும் மூட்டு வலி. "டீ-சர்ட் வாங்கிட்டு ஆட்டோவுல போயிருவோம்க்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆட்டோவுல போறதுக்கு என்னாத்துக்கு டீ-சர்ட்டு? நாளையிலேர்ந்து பழகுறோம்" என்றார்.

பழகினோம். நவம்பர் மழை ஓய்ந்ததும் தொடங்கியது. அதிகாலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுச் சந்து முனையில் மூன்று பேரும் வந்து நிற்பார்கள். அங்கிருந்து மின்னி பே வழியாகக் கடலை ஒட்டிப் போய், ஒரு பெரிய ஏற்றம் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஜங்லிகாட். மரகதம் அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். லட்சுமி நைட்டிக்கு மேல் துப்பட்டா. ஷிகா ஒரு டப்பாவில் பொரியும் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் கலந்து கொண்டுவருவாள். பாதி வழியில் அதைத் தின்று, இறங்கிய எடையை ஏற்றிக்கொள்வோம். மின்னி பே நாய்கள் முதல் வாரம் குரைத்தன, இரண்டாவது வாரம் கூடவே வந்தன. மருமகள், மாமியார், சர்க்கரை அளவு, கப்பல் டிக்கெட் கிடைக்காத கதை என்று நான்கு பாஷையில் பேச்சு ஓடும். "நடக்கும்போது பேசணும்டி. மூச்சு வாங்கும்போது யாருக்கும் பொய் வராது" என்பார் மரகதம் அக்கா. அந்தக் காலைகள் போல எனக்கு வாழ்க்கையில் வேறு காலைகள் அமையவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு, எந்தக் காரணமும் இல்லாமல் சிரித்தது அப்போதுதான்.

பாதையை அளந்து கொடுத்தவர் அவர்தான். துறைமுகச் சார்ட்டில் கரையோரச் சாலைகளும் இருக்கும். அதன்மேல் கவராயத்தை வைத்து எட்டு எட்டாக நகர்த்தி, ஓரத்தில் இருக்கும் அளவுகோலோடு ஒப்பிட்டு, "சுத்தி வர ஆறு, சரியா இருக்கு" என்றார். லட்சுமியின் ஃபோன் மட்டும் தினமும் பதினொன்று என்று காட்டியது. "இந்த ஊரு நெட்வொர்க்க நம்பி நீ நடப்பியா? என் சார்ட்ட நம்பிக் கப்பலே போவுது" என்று அவர் கேட்டதும் லட்சுமி ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கள் ஊரில் நெட்வொர்க்கைத் திட்டினால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே, குளிக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி என் கையில் தட்டுப்பட்டிருந்தது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. மகளுக்கு வைகாசியில் ராமநாதபுரத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அம்மாவுக்கு இப்படி ஒரு நோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். புற்றுநோய்ப் பரிசோதனைக்காக நடக்கிற நடைக்குப் பழகிக்கொண்டே அதை மறைத்தேன். படித்தவள், அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். அவ்வளவு முட்டாள்தனம்.

ஜனவரியில் ஒரு நாள் அந்த ஏற்றத்தில் என்னால் முடியவில்லை. கால் நடுங்கியது, கண் இருட்டியது. வெறும் ஆறு கிலோமீட்டர். கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பில்லாமல் நடக்கிற தூரம். எனக்கு மட்டும் ஏன் உயிர் போகிறது? கட்டி உள்ளே பரவிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். ஷிகாவும் லட்சுமியும் முன்னால் போய்விட்டார்கள். மதகுக் கட்டையில் உட்கார்ந்து மரகதம் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எத்தினி மாசமா?"

"அஞ்சு இருக்கும்க்கா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வைகாசி முடியட்டும், நானே போறேன். எம் மக மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார். சத்தியம் எதுவும் செய்யவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் நேராக என் கணவரின் பெயிண்ட் கடைக்குப் போய், அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கடைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் முகம் சூடாகிறது. நம்பிச் சொன்னேன், நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டாள் என்று கத்தினேன். 'அக்கா' போய் 'அவள்' ஆகிவிட்டது. அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அவர் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ஆறு கிலோமீட்டர் நடந்ததற்கா இந்தக் களைப்பு என்று கவலைப்பட்ட என் கணவர், மறுநாள் ஸ்கூட்டரில் எங்கள் பாதையைச் சுற்றி வந்தார். "ஏம்மா, பதினொன்னு காட்டுதே" என்றார். லட்சுமி ஃபோன் சொன்ன அதே பதினொன்று. வேறொன்றும் இல்லை, மரகதம் அக்கா சொன்ன ஆறு, கடல் மைல். இத்தனை வருடமாக அவர் அறையில் தூரம் என்றால் கடல் மைல்தான். கிலோமீட்டரில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு கடல் மைல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. மூட்டு வலிக்காரிகள் நான்கு பேர் இரண்டு மாதமாக ஏறக்குறைய இரட்டிப்புத் தூரம் நடந்திருக்கிறோம்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தீங்களா, எனக்கு ஒன்னுமில்ல. எல்லாம் அந்தப் பொம்பள அளந்த அளவு. ஆஸ்பத்திரியும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம்" என்றேன். அவரும் பாவம், நல்ல சேதியை நம்பத் தயாராக இருந்தார். ஒரு வாரம் ஓடியது. ஷிகா மூலமாக விஷயம் மரகதம் அக்கா காதுக்குப் போய், ஷிகா மூலமாகவே பதில் வந்தது. ஷிகாவுக்குத் தமிழ் வராது; ஒரு தாளில் வங்காள எழுத்தில் எழுதிவைத்து, என் வாசலில் நின்று தட்டுத் தடுமாறி வாசித்தாள்: "மைலு என் தப்பு. கட்டி என் தப்பு இல்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ." வாசித்து முடித்துவிட்டு அவளே அழுதாள். என் கணவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நாளை வரை அவர் காத்திருக்கவில்லை.

சோதனைக்கு எடுத்தது மெயின்லேண்ட் போய் முடிவு வர நாளானது. புற்றுதான். ஆனால் இன்னும் பரவவில்லை, உடனே சென்னைக்குப் போனால் தப்பித்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வைகாசி வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவர் கேட்டார். அதற்கு அந்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் நடுங்கிக்கொண்டே சொன்னோம். "உடம்பத் தேத்திக்கிட்டு வாங்க சம்மந்தி, ஆவணியில வச்சுக்கலாம்" என்றார்கள். அவ்வளவுதான். ஐந்து மாதம் நான் பயந்து செத்தது இதற்குத்தான்.

நடை நாள் வந்தது. அடுத்த நாளுக்கு மறுநாள் எனக்கு விமானம். கணவரின் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கூட்டம் இன்னும் வளைவைத் தாண்டவில்லை, அதற்குள் மூன்று பேர் மட்டும் முன்னால் வந்துவிட்டார்கள். நடுவில் மரகதம் அக்கா, சேலைக்கு மேல் ரோஸ் டீ-சர்ட்டோடு. பதினொன்று நடந்து பழகியவர்களுக்கு ஆறு என்ன பெரிய தூரம்? என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ விசில் ஊதி "சலோ, சலோ" என்றார்கள். அவர் அசையவில்லை.

"டிக்கெட்டு எப்ப?"

"நாளன்னைக்கு."

"மிச்சம் ரெண்டுதான் இருக்கு. கிலோமீட்டருதான். வாறியா?"

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வீட்டுச் செருப்போடு இறங்கி நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்: "ஏன்க்கா சொன்னீங்க? உங்கள நம்பித்தானே சொன்னேன்."

ஷிகாவும் லட்சுமியும் முன்னால் போகும்வரை காத்திருந்தார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்: "எங்க பெரியக்காவுக்கும் இதேதான். கச்சால்ல. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. யாருகிட்டயும் சொல்லாதன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனுச்சு. நான் சொல்லல. கடைசியில கப்பலுக்குத் தூக்கிட்டு வந்தப்ப ஒன்னும் மிச்சமில்ல. நான் சத்தியத்தக் காப்பாத்துனவ வசந்தி." அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு எப்போதும் பேசவில்லை.

சிகிச்சை முடிந்து, மகள் கல்யாணமும் முடிந்து, திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் நாங்கள் நான்கு பேரும் அந்த நடைக்குப் போனோம். ஓய்வுபெற்று வண்டூருக்குப் போன பிறகும் அன்று மட்டும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். இப்போது வரப்போகும் நடைக்கு நாங்கள் மூன்று பேர். பெயர் கொடுத்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன இருக்கிறது என்று இந்தப் பதினாறு நாளாக யோசிக்கிறேன். என் உயிர் இருக்கிறது. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேத்தியைக் குளிப்பாட்டினேன். அதுவும் அவர் கொடுத்தது. இவை தவிர, யாருக்கும் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அன்று அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவர் கேட்டார்: "நீ கோவமா இருந்தப்பவும் தெனம் ஒங்க சந்து முனையில அஞ்சு நிமிசம் நின்னுட்டுத்தான் போவோம். தெரியுமா ஒனக்கு? எங்க, நீ நல்லாத் தூங்கிட்டிருந்திருப்ப."

"ஆமாக்கா, தூங்கிட்டேன்" என்றேன்.

அவரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன். ஒரு நாள்கூட நான் தூங்கவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து, முகம் கழுவி, ஷூவைப் போட்டு நாடாவையும் கட்டிக்கொண்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பேன். அவர் மணியைப் பார்ப்பார், எங்கள் கதவைப் பார்ப்பார், மறுபடி மணியைப் பார்ப்பார். ஐந்து நிமிடம் ஆனதும் கிளம்புவார். நான் கதவைத் திறந்ததில்லை. பிறகு எத்தனையோ வருடம் பக்கத்திலேயே நடந்தோம், சொல்லியிருக்கலாம். சொன்னால் கேலி செய்தே கொன்றுவிடுவார் என்று தள்ளிப்போட்டேன்.

தூங்கலக்கா. முழிச்சுத்தான் இருந்தேன்.