சித்ரா வேலைக்கு வந்த மல்லிகா

மனிதவள வேலையில் யார் என்ன தப்புச் செய்தாலும், கடைசியில் 'நீதானே ஆளெடுத்தாய்' என்று நம் தலையில்தான் வந்து விடியும். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஜீவன்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற ஊரில், மிளகைச் சுத்தம் செய்து மூட்டை கட்டும் ஒரு யூனிட்டில் நான் ஹெச்.ஆர்.

ஐந்து வருடக் கேள்வி

சேர்ந்த புதிதில், சென்னை ஆபீஸ் அனுப்பிய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நேர்காணல் நடத்தினேன். முதலில் வந்து உட்கார்ந்தவர் சித்ரா. "இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த மூன்று பேரும் வருஷம் திரும்புவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"நாங்க இங்கதானுங்க இருப்போம். நீங்கதான் எங்க இருப்பீங்கன்னு தெரியல."

மெஷின் வந்த மாதம்

அதுவரை வருகை நோட்டில் எல்லோரும் தவறாமல் வந்திருந்தார்கள். முகம் பார்த்து வருகை பதியும் மெஷினை வைத்ததும் பாதிப் பேரைக் காணோம். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: வருகை சரியாகாவிட்டால் யூனிட்டை மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துக்கு மாற்றிவிடுவார்களாம். தினமும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி ஏறி இந்தப் பெண்களால் வேலை பார்க்க முடியாது. ஒருவர் பாக்கியில்லாமல் வேலை போய்விடும்.

மறுநாள் காலை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். சித்ராவின் நம்பரை அழுத்திவிட்டு வேறொரு பெண் தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சித்ராவின் நாத்தனார் மல்லிகாவாம். யூனிட்டில் வேலை நெருக்கும் தை, மாசியில்தான் அவர்கள் தோட்டத்திலும் மிளகு பறிக்க வேண்டும். அதனால் ஒருவர் தோட்டத்துக்கு, ஒருவர் யூனிட்டுக்கு. எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான், நோட்டுக்குத்தான் தெரியவில்லை. "வேலை சித்ராவுக்குத்தானேம்மா குடுத்தோம்?" என்றேன்.

"ஊட்டுக்குன்னு நெனச்சோமுங்க, சார்."

முதலாளியின் உத்தி

அன்றைக்கே, மேலிடத்தைக் கேட்காமல், ஒரு நம்பருக்கு இரண்டு முகம் என்று மெஷினில் பதிந்தேன். அடுத்த மாதம் ஒரு நாள்கூட ஆள் குறையவில்லை. அது எப்படி என்று கேட்க முதலாளி நேரில் வந்தார். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவர், "இதுதான்யா நம்ம வியாபார உத்தி" என்றார். யூனிட் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அதோடு விடாமல், வியாழக்கிழமை சென்னைக்கு வந்து எல்லா மேனேஜர்களுக்கும் இதை விளக்கிச் சொல்லும்படி சித்ராவிடம் கேட்டார்.

"வெசாழக்கெழம எனக்கு மொளகு பறிக்கோணுங்க. மல்லிகா வருமுங்க."

மல்லிகா போய்ப் பேசிவிட்டு வந்தார், யூனிட் மலையிலேயே இருக்கிறது, அவர்களாகவே செய்துகொண்டிருந்ததை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக எனக்குப் பதவி உயர்வும் வந்திருக்கிறது.