முதல் தடவை காதுக்கு

என் அக்காவைக் கட்டிய மாமாவுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். காதில் விழுந்தாலும் கோபப்படமாட்டார், உள்ளுக்குள் பெருமைதான். யாரும் சீந்தாமல் கிடக்கும் பழைய ராக், சோல், ஜாஸ் இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாக அள்ளி வருவார். கழுவுவார், காயவைப்பார், ஒவ்வொன்றாகக் கேட்பார். நூற்றில் தொண்ணூற்றொன்பது குப்பை. மீதி ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதைக் கணினியில் பதிந்து, மறுபதிப்பு போடும் கம்பெனிக்கு அனுப்புவோம். பதிகிற வேலை என்னுடையது, கேட்கிற வேலை அவருடையது.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. "முதல் தடவை காதுக்கு, ரெண்டாவது தடவைதான் மெஷினுக்கு" என்பார். பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் காது சோம்பேறியாகிவிடுமாம். அதனால் பதிவுக் கருவியின் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொள்வார். இருபத்தாறு வருடமாக இதே கூத்து. இதனால் ஒரு தட்டும் கெட்டதில்லை என்பதும் உண்மை. அந்த உண்மைதான் எங்கள் வாயை அடைத்து வைத்திருந்தது.

போன வருடம் அப்படிக் கிடைத்த ஒரு ஜாஸ் ஆல்பம் மறுபதிப்பாகி நன்றாக ஓடியது. அதில் கோரஸ் பாடும் மூன்று பெண்களில் ஒருவரின் மகள் எங்களைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு தட்டு.

"எனக்கு மூணு மாசம் இருக்கும்போது அம்மா போயிட்டாங்க. அந்த ஆல்பத்துல மூணு குரல்ல எது அவங்க குரல்னு எனக்குத் தெரியாது சார். இதுல தனியா பாடியிருக்காங்களாம். வெளிவராத பாட்டு. சித்தி சாகறதுக்கு முன்னாடி குடுத்தாங்க."

மாமா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அது கடையில் விற்கிற தட்டு அல்ல. ஸ்டுடியோவில் சரிபார்ப்பதற்காக ஒரே ஒரு பிரதி எடுப்பார்களே, அந்த வகை. அலுமினியத் தகட்டின்மேல் கறுப்புப் பூச்சு. ஓரத்தில் தலைமுடி கனத்தில் விரிசல்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஏதோ புளித்த வாடை வேறு. பூச்சு கெட ஆரம்பித்ததற்கு அடையாளம் அது.

"வேற காப்பி இருக்காம்மா?"

"இது ஒண்ணுதான் சார்."

"வெள்ளிக்கிழமை டூட்டி முடிஞ்சு வாங்க. அம்மா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி கேக்கலாம்."

மறுநாள் மதியம் சாப்பிடும்போது அக்கா சொன்னாள். "எனக்கு அந்தத் தட்டு சரியாப் படல. முதல்ல பதிஞ்சிடுங்க."

"என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஏண்டா, நீயாவது சொல்லேன்" என்று அக்கா என்னைப் பார்த்தாள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன். கோழை என்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்கமாட்டேன்.

சாப்பிட்ட கையோடு தட்டை ஏற்றினார். ஒயர் சட்டைப் பைக்குப் போனது. ஊசி இறங்கியது, கண்கள் மூடின. ஹெட்போன் அவர் காதில் இருந்ததால் எனக்கு ஊசியின் கீச்சு மட்டும்தான் கேட்டது. அரை நிமிடம் போயிருக்கும். ஊசிக்குப் பின்னால் கறுப்புப் பூச்சு சுருண்டு எழுந்தது. வெங்காயத்தோல் உரிவதுபோல் உரிந்து மேஜையில் விழுந்தது. ஊசி போன இடமெல்லாம் வெள்ளைத் தகடு பளபளத்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூன்று நிமிடம்.

கண்ணைத் திறந்தபோது தட்டில் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. சட்டைப் பையிலிருந்து ஒயரை எடுத்தார். கருவியில் செருகினார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை நர்ஸ் சீருடையோடு வந்தார். யாரும் சொல்லாமலே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாமா தகட்டை அவர் முன்னால் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நர்ஸ் அழவில்லை. ஹெட்போனைக் கழற்றவும் இல்லை.

"நீங்க முழுசா கேட்டீங்களா?"

"கேட்டேன்மா."

"அப்ப பாடுங்க. மெட்டு மட்டும் போதும்."

மாமா யார் முன்னாலும் பாடியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் இரண்டு வரி நான் எங்குமே கேட்டிராத மெட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது வரி எங்கேயோ கேட்டதாக இருந்தது.

"சார், இது அந்த ஆல்பத்துல இருக்கிற பாட்டு" என்றார் நர்ஸ்.

மாமா நிறுத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை முதல் வரியே அந்த ஆல்பத்துப் பாட்டாக இருந்தது.