பத்துத் தோல், ஒன்பது பருப்பு

தனக்கோடிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம். டிசம்பர் இரண்டாம் வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை. யு.கே.ஜி. ‘பி’ பிரிவின் டீச்சர் பிரசவத்துக்காகத் தாய்வீடு போய்விட்டார். ஏஜென்சியில் சொல்லிவைத்த புது டீச்சர் வந்து சேர எட்டு நாளாகும்.

“அதுவரைக்கும் நீ பாத்துக்கோ தனா. நன்னா பண்ணினியானா ஏப்ரல் வரைக்கும் கிளாஸ் உன்னுது, ஏஜென்சியை வேண்டாம்னு சொல்லிடறேன். இல்லேன்னா பழையபடி ஆயா வேலை. அப்பறம் வருத்தப்படக் கூடாது” என்றார், பள்ளியை நடத்தும் ராஜலக்ஷ்மி மேடம்.

வருத்தப்பட மாட்டேன் என்று தனக்கோடி சொல்லவில்லை. “சரி மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். வயது முப்பத்தேழு. அப்பாவுக்கு மாநகராட்சியில் துப்புரவு வேலை, கணவர் ரவிக்குமாருக்கு லோடு ஆட்டோ. கன்னட மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், ஆறு வருஷத்துக்கு முன்னால் ‘மஞ்ச கேட்டு ஸ்கூலி’ல் ஆயாவாகச் சேர்ந்தாள். பலகையில் இங்கிலீஷில் வேறு ஏதோ பெயர் உண்டு. ஏரியாவில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வழி தெரியாது. போன வருஷம் முழுக்க சனி மதியமும் ஞாயிறும் பஸ் பிடித்துப் போய் நர்சரி டீச்சர் பயிற்சி முடித்தாள். ஜூனில் சான்றிதழ் வந்தது. அதன் பிறகும் ஆறு மாதம் அவள் செய்தது தண்ணீர் பாட்டில் நிரப்புவதும், டிபன் டப்பா மூடி திறப்பதும், மூக்குத் துடைப்பதும்தான்.

மூக்கு விஷயத்தில் அவளுக்கு நிகர் அந்தப் பள்ளியில் யாருமில்லை. எந்தப் பிள்ளைக்குச் சளி ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள்.

பாடத்திட்டம் விற்கும் கம்பெனியிலிருந்து வாராவாரம் ஒரு தாள் வரும். அந்த வாரத் தலைப்பு பனிக்காலம். திங்கள்: பஞ்சில் பனிமனிதன். செவ்வாய்: கம்பளி உடைகள். புதன்: குளிர்கால உணவு. வியாழன்: பனிக்கட்டி. வெள்ளி காலை பத்து மணிக்குப் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். இங்கிலீஷில் இருந்த தாளை ஞாயிற்றுக்கிழமையே எழுத்துக் கூட்டிப் படித்து, தெரியாத வார்த்தைகளுக்கு மகளிடம் அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

திங்களன்று கரும்பலகையில் மூன்று பஞ்சு உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டுத் திரும்பினாள். பாயில் இருபத்திரண்டு பிள்ளைகள்.

“இது யாரு சொல்லுங்க பாக்கலாம்?”

“இட்லி!” என்றான் ஸ்ரீஹர்ஷா.

“மூணு இட்லி மிஸ்” என்று திருத்தினாள் ஷ்ரேயா.

தனக்கோடி கறுப்புப் பொத்தான்களால் கண் வைத்தாள். வகுப்பு யோசித்தது.

“இட்லி எதுக்கு மிஸ் முழிச்சிக்கினு இருக்குது?”

செவ்வாயன்று ஸ்வெட்டர், குல்லா, காலுறையெல்லாம் கழற்றி, தடிமன் எது, மெல்லிசு எது என்று பிரித்து அடுக்கினார்கள். அடுக்குவது சுலபமாக இருந்தது. திரும்ப மாட்டுவதற்குப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. மூன்று பேர் அடுத்தவர் ஸ்வெட்டரில் வீடு போனார்கள்.

அன்றுதான் ரித்விக்கை அவள் சரியாகப் பார்த்தாள். மூன்று வாரமாக அவன் தலையிலிருந்து, மூக்குவரை மூடிய குல்லா இறங்கியதே இல்லை. அவன் அம்மா வீணா பையில் தைல டப்பா வைத்து, டைரியில் ‘குல்லாவைக் கழற்றக் கூடாது, சளி’ என்று தினமும் எழுதி அனுப்புவாள். குல்லா இல்லாத முகத்தில் தனக்கோடிக்கு ஒன்று உறுத்தியது. மூக்கு வலது பக்கம் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. இடது பக்கம் சுத்தம். கிட்டே போனால் ஒரு நாற்றம். சளி என்றால் இரண்டு பக்கமும்தானே வரவேண்டும்? அதற்குள் யாரோ யாரையோ கடித்துவிட, அவள் அங்கே ஓட வேண்டியதாயிற்று.

புதன்கிழமைத் தாளில் சாக்லேட் பானமும் சூப்பும் படமாக இருந்தன. வண்ணம் தீட்டச் சொல்லியிருந்தது. தெருவிலோ வண்டிவண்டியாக அவரைக்காய். பெங்களூரில் பனி இறங்கினால் அவரைக்காயும் இறங்கும். காயின் மேல்தோலைத் தின்பதற்கில்லை, உள்ளே இருக்கும் விதைதான் சரக்கு. அந்த விதையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பிதுங்கிக்கொண்டு வெளியே குதிக்கும். அதுதான் பிதுக்கம் பருப்பு. தனக்கோடி பயிற்சி வகுப்பில் படித்திருந்தாள்: பென்சில் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். பிதுக்குவதும் அதே மூன்று விரல்தானே என்று அன்றே அவளுக்குத் தோன்றியது.

ராத்திரியே ஊறவைத்துக் கொண்டுவந்ததில் ஆளுக்குப் பத்து விதை, இரண்டு பேப்பர் தட்டு. ஒன்றில் தோல், ஒன்றில் பருப்பு.

முதல் பருப்பு அஷ்வத் கையிலிருந்து பறந்து போய் ஷ்ரேயா முதுகில் பட்டது. அதற்கப்புறம் வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. “மிஸ் நோடி, நந்து ஹாரோய்து!” என்று, தன் பருப்பு பறந்ததைக் கன்னடத்தில் ஒருவன் கத்தினான். “எங்கம்மா டிவி பாத்துக்கினே பிதுக்குவாங்க” என்று ஒருத்தி பெருமை பேசினாள். பென்சிலைக் கத்தி மாதிரி பிடித்துத் தாளைக் கிழிக்கும் அஷ்வத், நாக்கைத் துருத்திக்கொண்டு, மூன்றே விரலால், ஒவ்வொன்றாக, நசுக்காமல் எடுத்துவைத்தான். தனக்கோடி அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும்.

பிறகு எண்ணிக்கை. தோல் எத்தனை, பருப்பு எத்தனை?

“பத்து, பத்து.” “பத்து, பத்து.” ஸ்ரீஹர்ஷாவிடம் பன்னிரண்டு பருப்பு இருந்தது. அடுத்தவன் தட்டிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டு, இரண்டைத் திருப்பி வைத்தான்.

ரித்விக்கிடம் பத்துத் தோல், ஒன்பது பருப்பு.

“ஒண்ணு எங்கடா கண்ணு? சாப்ட்டியா?”

தலையை ஆட்டினான், இல்லை.

“கீழ உழுந்துச்சா?”

இல்லை. பிறகு, விடுகதைக்கு விடை சொல்வதுபோல், ஆள்காட்டி விரலைத் தூக்கி இடது மூக்கின்மேல் வைத்தான்.

தனக்கோடிக்கு ஆறு வருஷ அனுபவம் உண்டு. விரல் விட்டு நோண்டினால் உள்ளே போகும். கத்தினால் பையன் அழுவான். அழுதால் மூச்சை உள்ளே இழுப்பான், பருப்பும் சேர்ந்து போகும். புதிதாகச் சேர்ந்த ஆயா மகாவைத் திரும்பிப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “மகா, கேட்டுகிட்ட ஒரு ஆட்டோவ நிக்க வை. பருப்பு வெளிய வரலன்னா நேரா ஆஸ்பத்திரி.” பிறகு வகுப்பைப் பார்த்துக் கை தட்டினாள்.

“இப்ப ஒரு ரேசு! எல்லாரும் வாயை மூடு. ஒரு பக்கம் மூக்கை அமுக்கு. இன்னொரு பக்கத்தால ஊதணும். யார் பேப்பரு தூரம் போவுதுன்னு பாக்கலாம்!”

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு துண்டுக் காகிதம் கிழித்துப் போட்டாள். இருபத்திரண்டு மூக்குகள் ஒரே நேரத்தில் ஊதின. அந்தச் சத்தத்தை எழுதிக்காட்ட எழுத்தில்லை. ரித்விக்கின் வலது மூக்கை அவளே அழுத்திப் பிடித்தாள். “உள்ள இழுக்கக் கூடாது ராஜா. வெளிய. பஸ் ஹாரன் மாதிரி, பாம்ம்!”

முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை குமிழி. மூன்றாம் தடவை பருப்பு பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது.

“மிஸ், நான் ஃபர்ஸ்ட்!” என்றான் ரித்விக்.

ஆட்டோவை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த மகா சுவரில் சாய்ந்துகொண்டாள். தனக்கோடி மட்டும் இன்னும் முடிக்கவில்லை. “இப்ப அந்தப் பக்கம் ஊது.” இடதை அடைத்தாள். அவன் முகம் சிவக்க ஊதினான். காகிதம் அசையவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் டைரியை எடுத்தபோது மகா பதறினாள்.

“அக்கா, இன்னா பண்ற? அதான் வந்துடுச்சே. யாருக்குத் தெரியும்? கம்முனு இரு. இன்னும் ரெண்டு நாளு, கிளாஸ் உன்னுது.”

“அந்தக் கொயந்த ஊட்டுக்குப் போயி இன்னொன்னு போட்டுக்குனா? அங்க யாருக்குத் தெரியும்?”

“அந்த வீணா வாயி உனக்குத் தெரியாதா? தெருவையே கூட்டுவா!”

“தெரியும்” என்றாள் தனக்கோடி. எழுதினாள். கன்னடத்தில், நாலு வரி. ஒரு பருப்பை இடது மூக்கில் போட்டுக்கொண்டான், எடுத்துவிட்டோம், என் கவனக்குறைவு. வலது மூக்கில் காற்றே வரவில்லை, வாடை அடிக்கிறது, இது சளி மாதிரி தெரியவில்லை, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று தடவை போன் செய்தும் வீணா எடுக்கவில்லை. துணிக்கடையில் வேலை, அங்கே போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். கூட்டிப்போக வந்த அவன் அத்தையிடம் டைரியைத் திறந்து காட்டி, வாயாலும் சொல்லி அனுப்பினாள். பிறகு மேடத்தின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

ராஜலக்ஷ்மி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “தாள்ல வர்ணம் தீட்டுன்னுதானே போட்டிருக்கு?”

“ஆமா மேடம்.”

“அம்மாக்காரி வரட்டும். வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்.”

வியாழனன்று ரித்விக் வரவில்லை. வீணாவின் போன் அணைந்திருந்தது. தனக்கோடி எவர்சில்வர் தட்டுகளில் பனிக்கட்டி வைத்தாள். அது கரைந்து காணாமல் போனபோது, யாரோ குடித்துவிட்டார்கள் என்று ஸ்ரீஹர்ஷா விசாரணை நடத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டைப் பார்த்தாள்.

வெள்ளி காலை பத்து மணி. குட்டி நாற்காலிகளில் முட்டி இடிக்கப் பெற்றோர்கள். வீணா கடைசியாக வந்தாள், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. உட்காரவில்லை.

“ஆயாவ டீச்சராக்குனா இதான் மேடம் நடக்கும்! பீஸ் கட்றது அவரக்கா உரிக்கவா? எங்கூட்லயே கூடை நெறயக் கெடக்குது, அங்கயே உக்கார வச்சிருப்பேனே!”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

தனக்கோடி எழுந்து முன்னால் வந்தாள். “தப்புதான் வீணா. நான் அஷ்வத்த பாத்துக்கினு இருந்துட்டேன். இவன்கிட்டயும் கண்ணு வச்சிருக்கணும்.”

“இரு, நான் இன்னும் முடிக்கல.” வீணா கைப்பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே பட்டாணி அளவுக்கு, அழுக்கு மஞ்சளில் ஏதோ ஒன்று. “இது இன்னா தெரியுதா? ஸ்பாஞ்சு. எங்கூட்டு சோபா கிழிசல்லேர்ந்து பிச்சிப் போட்டிருக்கான். நேத்து டாக்டரு வலது மூக்கிலேர்ந்து உருவுனாரு. மூணு வாரமா உள்ளயே இருந்திருக்குது. நான் சளி, சளின்னு...” குரல் இறங்கிவிட்டது. “தெனம் ராத்திரி ஆவி புடிக்க வச்சேன். ஒதறி அழுவான். அடிச்சிக்கூட இருக்கேன்.”

ரித்விக் டப்பாவை வாங்கிப் பக்கத்துப் பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

“டாக்டர்கிட்ட அழைச்சிண்டு போகணும்னு எப்படித் தோணித்து?” என்று கேட்டார் மேடம், தெரிந்தும் தெரியாதவர்போல.

“டைரில எழுதியிருந்துச்சே. எழுதாம வுட்டிருந்தா நான் இன்னும் தைலந்தான் தேச்சிக்கினு இருப்பேன்.” வீணா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்தாள். “ஸ்பாஞ்சு எங்க சோபாவுது, ஒத்துக்கறேன். ஆனா பருப்பு உங்களுது.”

“பருப்பு எங்களுதுதான்” என்றாள் தனக்கோடி.

“அப்படின்னா சரி” என்று வீணா குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அஷ்வத்தின் அம்மாவிடம் குனிந்து, “ஒன் பையன் இன்னா பண்ணான்?” என்றாள்.

“நேத்து ஒரு கிலோ பிதுக்கிக் குடுத்தான்” என்றாள் அவள். “நாளைக்கி ரெண்டு கிலோ வாங்கலாம்னு இருக்கேன்.”

எல்லோரும் போன பிறகு ராஜலக்ஷ்மி மேடம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தனக்கோடி குட்டி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டேன். வேண்டாம்னுட்டேன்.”

தனக்கோடி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதே. ஏப்ரல் வரைக்கும் நிறைய வேலை இருக்கு. இனிமே தாளை மாத்தறதானா முதல்ல என்கிட்ட சொல்லணும். சின்னதா, உருண்டையா எதுவும் கிளாசுக்குள்ள வரக் கூடாது. அடுத்த வாரம் என்ன தலைப்பு?”

“கடல்ல இருக்கற உயிருங்க மேடம்.”

“கலர் பேப்பர்ல வெட்டி ஒட்டினா போறும்.”

தனக்கோடிக்கு மறைத்துப் பழக்கமில்லை. “ஒரு நண்டு சொல்லி வச்சிட்டேன் மேடம். சின்னது இல்ல. பெரிசுதான்.”

“உசிரோடயா?”

“கொடுக்கைக் கட்டித்தான் குடுப்பாங்க. கண்ணாடித் தொட்டில வச்சி, எத்தினி காலுன்னு எண்ண வைக்கலாம்னு...”

நண்டு என்ற வார்த்தைக்கே மேடம் வாசலில் ஒரு அடி பின்னால் போயிருந்தார். அவர் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை.

“என்னிக்கு?”

“புதன்கிழமை மேடம்.”

ராஜலக்ஷ்மி மேடம் வாசலில் நின்றபடியே சுவர்க் காலண்டரை எட்டிப் பார்த்தார்.

“சரி. புதன்கிழமை நான் லீவு” என்றார்.