எறும்புக்கு வைத்த பேர்

பம்பு கம்பெனியில் மோட்டார் படம் வரைந்துகொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அருங்காட்சியகத்தில் எறும்பு வரையச் சேர்ந்தாள். உயிரோடு ஊர்கிற எறும்பு இல்லை. எந்தக் காலத்திலோ ஓர் ஏரியில் விழுந்து, சேற்றில் புதைந்து, சேறு கல்லானபோது கூடவே கல்லாகிப்போன எறும்பு. கல்லை ஏடு ஏடாகப் பிரித்தால் உள்ளே பழுப்பாக ஒட்டியிருக்கும்.

ஒருமுறை சிறகுள்ள சின்ன எறும்பு ஒன்று கிடைத்தது. பூண்டோடு அழிந்துபோன இனம். அதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. எறும்பு ஆராய்ச்சி செய்கிற மேடம், படத்தின் நேர்த்தியைப் பார்த்து அவள் பேரையே அதற்கு வைத்துவிட்டார். "வைக்கிறதுதான் வைக்கிறாங்க, ஒரு யானைக்கு வைக்கக் கூடாதா?" என்றாள் நாத்தனார். அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டதும் அதே நாத்தனார்தான்.

சில வருஷம் கழித்து மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மேஜைமேல் புதிதாகப் பிரித்த கல். அதில் அதே சின்ன எறும்பும், அதைவிடப் பெரிய எறும்பு ஒன்றும் வயிற்று நுனி பிணைந்தபடி கிடந்தன. பெரியதற்கு முன்பே வேறு பேர் இருந்தது.

"ரெண்டும் ஒரே இனம்மா. சின்னது ஆண், பெருசு பெண். ஜோடி சேர்றப்போ தண்ணில விழுந்திருக்கு. முதல்ல வெச்ச பேர்தான் நிக்கும். உன் பேரை எடுத்தாகணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவளாகக் கேட்டு வாங்கிய பேர் இல்லைதான்; ஆனாலும் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் யாருக்குத்தான் வலிக்காது? கல்லை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துக் குனிந்தாள். ஆணின் கால் ஒன்று பெண்ணின் சிறகுக்கு அடியில் மாட்டியிருந்தது. அதை எப்படிக் காட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தவள், மேடம் எதிரே இருப்பதையே மறந்துபோனாள். கடைசியில், இதையும் தானே வரையலாமா என்று கேட்டாள். மேடத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்கி, சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"என் எறும்புக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே பொண்டாட்டி பேரைத்தான் புருஷன் வெச்சுக்கணுமாம்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட தட்டுகளைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார்.

ஜோடிப் படம் முடிய மாதக்கணக்கானது. சிறகுக்கு அடியில் மாட்டிய காலை மட்டும், மோட்டார் படத்தில் மறைவான பாகத்தைக் காட்டுவதுபோல், புள்ளிக்கோட்டில் விட்டாள். அதைக் கொடுத்த மறுவாரம் அவள் மேஜைக்கு, அடுத்து வரைய, கல்லில் ஒட்டிய ஒரு வண்டு வந்தது. அதற்குத் தலையே இல்லை.